கத்தி வைக்காமல் எண்டோமெட்ரியோசிஸைக் கண்டறியும் சோதனை: எங்கிருந்து தொடங்குவது

முதுகலை ஆய்வுக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் என் மேசைக்கு வருகிறார்கள். "மேடம், எண்டோமெட்ரியோசிஸுக்கு எந்த மார்க்கரை எடுக்கலாம்?" கையில் ஒரு பட்டியல் இருக்கும். மார்க்கர் என்றால் ரத்தத்திலோ எச்சிலிலோ அளந்து நோயைக் காட்டிக்கொடுக்கும் மூலக்கூறு. சிஏ-125 என்ற ரத்தப் புரதம், அழற்சியோடு தொடர்புள்ள இரண்டு மூன்று இன்டர்லூக்கின், நாலைந்து மைக்ரோஆர்என்ஏ என்ற குட்டி ஆர்என்ஏ துண்டுகள். நான் அந்தத் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இந்தச் சோதனையை யாருக்குச் செய்யப்போகிறாய்? அவர்களை யாரோடு ஒப்பிடப்போகிறாய்?" என்று கேட்பேன். பதில் வராது. பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதைதான்.

நான் மலேசியாவின் பினாங்கில் வேலை செய்பவள். ஆய்வுக்கூடத் தொழில்நுட்பராகச் சேர்ந்து, அப்புறம் ஆய்வுகளை ஒருங்கிணைக்கும் வேலைக்கு வந்தேன். ரத்தம் எடுப்பது, எச்சில் வாங்குவது, மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்குக் காவல் இருப்பது, நெறிமுறைக் குழுவுக்குப் படிவம் நிரப்புவது எல்லாம் என் தலையில். அதனால் இந்த வழிகாட்டி பேராசிரியர் சொல்வது போல இருக்காது. மாதிரி எடுக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஒரு சோதனை எப்படி உருவாகிறது, எங்கே கெட்டுப்போகிறது என்பதைத்தான் எழுதுகிறேன். இந்த நாட்டில் இப்படியொரு ஆய்வைத் தொடங்க நினைக்கும் மாணவர்களுக்கும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இருந்துகொண்டு "நாமும் ஒரு கிட் செய்தால் என்ன" என்று யோசிப்பவர்களுக்கும் உதவும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சூலகத்திலோ வயிற்று உறையிலோ குடல் மீதோ வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, உலக அளவில் சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வலி தொடங்கியதிலிருந்து பெயர் தெரிவதற்குப் பல நாடுகளில் வருடக்கணக்காகிறது. வெகுகாலம் வயிற்றில் துளை போட்டு லேப்ராஸ்கோப்பி செய்து, திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் உறுதியான வழி என்றிருந்தது. 2022இல் ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே அந்த இடத்திலிருந்து லேப்ராஸ்கோப்பியை இறக்கியது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாதபோது, அல்லது மருந்து கொடுத்தும் பலன் இல்லாதபோது மட்டும் அறுவைக்குப் போகலாம் என்றது. அதே ஆவணம் இன்னொன்றும் சொன்னது: ரத்தத்திலோ மாதவிடாய் திரவத்திலோ கருப்பைத் திசுவிலோ எந்த மார்க்கரையும் அளந்து இந்த நோயைக் கண்டறிய வேண்டாம். நாம் நுழையப்போகும் களம் இதுதான்.

முதலில் எந்த நோயைத் தேடுகிறீர்கள்?

எண்டோமெட்ரியோசிஸ் ஒரே நோய் போலப் பேசப்பட்டாலும் மூன்று வடிவம் உண்டு. சூலகத்தில் வரும் சாக்லேட் கட்டி, ஆழமாக ஊடுருவும் வகை, வயிற்று உறையின் மேல் தூவினாற்போல் படியும் மேலோட்டமான வகை. முதல் இரண்டையும் நன்றாகப் பயின்ற கை, யோனிவழி ஸ்கேனில் பிடித்துவிடும். எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று 2016இல் ஐடியா என்ற சர்வதேச நிபுணர் குழுவினர் ஒருமித்து வெளியிட்டார்கள். கருப்பையும் மலக்குடலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றனவா என்று பார்க்கும் முறையும் அதில் இருக்கிறது. நகரவில்லை என்றால் உள்ளே ஒட்டிக்கிடக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். மேலோட்டமான வகைதான் ஸ்கேனுக்குச் சிக்காது.

ஆகவே உங்கள் சோதனை சாக்லேட் கட்டியை மட்டும் அழகாகக் கண்டுபிடித்தால் யாருக்கு லாபம்? ஸ்கேன் அதைச் சும்மா செய்துவிடும். ஆனால் கட்டுரைகளைப் புரட்டினால், நோயாளிக் குழுவில் பாதிக்கு மேல் முற்றிய நிலையில் இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். பெரிய கட்டி உள்ளவர்கள்தான் அறுவை அறைக்குச் சீக்கிரம் வருகிறார்கள், எனவே அவர்களிடம்தான் மாதிரியும் கிடைக்கிறது. ஸ்கேனில் எதுவும் தெரியாமல், மாதாமாதம் பொன்ஸ்டான் வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற பெண் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் சோதனை தேவைப்படுவது அவளுக்குத்தான்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. நம் ஊரில் கல்யாணமாகாத பெண்ணிடம் யோனிவழி ஸ்கேன் என்று சொன்னால் அவளைவிட அவள் அம்மா முதலில் எழுந்துவிடுவார். மலாய்க் குடும்பத்திலும் சீனக் குடும்பத்திலும் இதே கதைதான். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் தெளிவு குறைவு, எம்ஆர்ஐக்கு வரிசை நீளம். ஐந்தாம் படிவம் படிக்கும் பெண் வலியில் சுருண்டு பள்ளிக்கு விடுப்பு எடுக்கிறாள் என்றால், அவளுக்கு எச்சிலோ ரத்தமோ போதுமான ஒரு சோதனை பெரிய வரம். யாருக்காகச் செய்கிறீர்கள் என்பதை இந்த அளவுக்கு வெளிப்படையாக உங்கள் ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

எவ்வளவு நல்ல சோதனை போதும்?

2016இல் காக்ரேன் அமைப்பு ரத்தம், சிறுநீர், கருப்பைத் திசு, படமெடுப்பு என்று பிரித்து எல்லா ஆய்வுகளையும் வடிகட்டியது. அவர்கள் வைத்த அளவுகோலை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நோய் உள்ளவர்களைப் பிடிக்கும் திறனைச் சென்சிட்டிவிட்டி என்றும், நோய் இல்லாதவர்களைச் சரியாக விட்டுவிடும் திறனை ஸ்பெசிஃபிசிட்டி என்றும் சொல்கிறோம். அறுவைக்குப் பதிலாகவே நிற்க வேண்டுமானால் முதலாவது 94 சதவீதம், இரண்டாவது 79 சதவீதம் வேண்டும். "உனக்கு இல்லை, போ" என்று சொல்லும் சோதனை என்றால் 95-உம் 50-உம். "உனக்கு இருக்கிறது" என்று உறுதி சொல்லும் சோதனை என்றால் தலைகீழாக 50-உம் 95-உம். இந்த மூன்றில் எது உங்களுடையது என்பதை முதல் மாதிரி எடுக்கும் முன்னரே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். முடிவுகள் வந்தபின் எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்வது திருட்டு.

சிஏ-125ஐ வைத்துப் பழகுங்கள், எல்லாம் புரியும். மில்லிலிட்டருக்கு 35 அலகு என்ற வழக்கமான எல்லையைத் தாண்டினால் சந்தேகம் வரும். ஆனால் மாதவிடாய் நாளில் அது தானே ஏறும். கர்ப்பத்தில் ஏறும், ஃபைப்ராய்டில் ஏறும், இடுப்பறைத் தொற்றில் ஏறும், சூலகப் புற்றுநோயில் ஏறும். ஆரம்பநிலை எண்டோமெட்ரியோசிஸில் பல பெண்களுக்கு ஏறவே ஏறாது. அதனால்தான் நம்மூர்த் தனியார் கூடங்கள் பெண்களுக்கான முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் இதைச் சேர்ப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. சென்சிட்டிவிட்டி 90, ஸ்பெசிஃபிசிட்டி 90 உள்ள ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிறை வட்டாரத்தில் ஒரு கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசு சுகாதார மருந்தகத்தில், பொதுவாக வரும் 1000 பெண்களுக்குச் செய்கிறீர்கள். பத்தில் ஒருவருக்கு நோய் என்றால் 100 பேர். அதில் 90 பேரைப் பிடித்துவிடுவீர்கள். மீதி 900 பேரில் பத்து சதவீதம், அதாவது இன்னொரு 90 பேருக்கும் இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லிவிடுவீர்கள். உங்களிடம் "பாசிட்டிவ்" வாங்கியவர்களில் சரிபாதி வீணாகப் பயந்தவர்கள். இதே சோதனையை இடுப்பறை வலிக்கென்றே நடக்கும் சிறப்புப் பிரிவில், இருவரில் ஒருவருக்கு நோய் இருக்கும் இடத்தில் 1000 பேருக்குச் செய்தால், பாசிட்டிவ் வாங்கியவர்களில் 450 பேர் சரி, 50 பேர் தவறு. பத்தில் ஒன்பது சரி. சோதனை ஒன்றேதான், வைக்கும் இடம்தான் வேறு. நிதிக்கு விண்ணப்பிக்கும்போது இந்த இரண்டு கணக்கையும் உங்கள் எண்களோடு போட்டுக் காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் செய்வதில்லை.

ஒப்பீட்டுக் குழு: ஆய்வு சாகும் இடம்

நான் பார்த்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன், இடம் வேண்டாம். நோயாளிகளின் ரத்தம் காலையில் அறுவை அறையில் எடுக்கப்பட்டது. இரவு முழுக்கச் சாப்பிடாதவர்கள், பயத்தில் இருந்தவர்கள், சிலர் மயக்க மருந்தும் வாங்கியிருந்தார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்தது கல்லூரி மாணவிகளின் ரத்தம். மதியம், நாசி லெமாக் சாப்பிட்டு வந்தவர்கள், வலி என்றால் என்ன என்றே தெரியாதவர்கள். இரண்டு குழுவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் கிடைத்தது. கிடைக்காமல் எப்படி இருக்கும்? அது பட்டினிக்கும் நாசி லெமாக்குக்கும் இடையிலான வித்தியாசம். வயதும் வேறு, எடையும் வேறு. அந்த மார்க்கர் அடுத்த மருத்துவமனையில் தேறவில்லை.

ஆரோக்கியமான பெண்ணோடு ஒப்பிட்டால் எந்த அழற்சி மார்க்கரும் ஜெயிக்கும். ஆனால் டாக்டர் முன் வந்து உட்காருபவர் ஆரோக்கியமான பெண் இல்லை. அடிவயிற்று வலியோடு வருபவர். அவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம், அடினோமயோசிஸ் இருக்கலாம், ஃபைப்ராய்ட், பழைய தொற்று, எரிச்சல் குடல், சிறுநீர்ப்பை வலி எதுவும் இருக்கலாம். இவர்களுக்குள் பிரித்துக் காட்டுவதுதான் உங்கள் சோதனையின் வேலை. எனவே ஒப்பீட்டுக் குழு என்பது அதே வாசல் வழியாக, அதே புகாரோடு வந்து, கடைசியில் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று தெரிந்த பெண்கள். அவர்கள் கிடைப்பது கஷ்டம்தான். கல்லூரி விடுதியில் அறிவிப்பு ஒட்டினால் வரமாட்டார்கள். வலிப் பிரிவுக்கு வருபவர்களை வரிசையாக, ஒருவரையும் தேர்ந்தெடுக்காமல் சேருங்கள். யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்பது உங்களுக்கே பின்னால்தான் தெரிய வேண்டும். மாதிரி எடுப்பவருக்கும் அளப்பவருக்கும் தெரியவே கூடாது.

அடுத்து, "இல்லை" என்று யார் சொன்னது? லேப்ராஸ்கோப்பியில் பார்த்த சர்ஜன் சொன்னார் என்றால், அவர் எவ்வளவு தேடினார் என்று பாருங்கள். இந்தப் புண்கள் எல்லாம் பாடப்புத்தகத்தில் வரும் கருநீலப் புள்ளியாக இருப்பதில்லை. சிவப்பாக, வெள்ளையாக, சிலசமயம் நீர்க்கொப்புளம் போல நிறமே இல்லாமல் இருக்கும். வேறு காரணத்துக்காக வயிற்றைத் திறந்தவர் இதைத் தேடியிருக்க மாட்டார். இதற்கென்றே உலக எண்டோமெட்ரியோசிஸ் ஆய்வு அறக்கட்டளை 2014இல் எபெக்ட் என்ற பெயரில் படிவங்களையும் நெறிமுறைகளையும் வெளியிட்டது. சர்ஜன் எதை எங்கே பார்த்தார் என்று நிரப்பும் படிவம், நோயாளியிடம் கேட்கும் வினாத்தாள், ரத்தம் எடுக்கும் முறை, திசு எடுக்கும் முறை என்று நான்கு பகுதி. இலவசம். உங்கள் சொந்தப் படிவத்தை உருவாக்காதீர்கள், இதையே எடுங்கள். நாளைக்கு உங்கள் மாதிரியை வேறு நாட்டு மாதிரியோடு சேர்க்க வேண்டி வந்தால் உதவும். சர்ஜன் சலித்துக்கொள்வார். அறுவை முடிந்த கையோடு, அவர் காப்பி குடிக்கும் நேரத்தில் பக்கத்தில் நின்று நிரப்பி வாங்குவதுதான் என் வழக்கம். மறுநாள் கேட்டால் நினைவில் இருப்பதை எழுதுவார்.

அறுவைக்குப் போகாதவர்களை என்ன செய்வது என்பதையும் முதலிலேயே எழுதி வையுங்கள். ஸ்கேனில் தெளிவாகச் சாக்லேட் கட்டி தெரிந்தால் அதையே சான்றாக ஏற்கலாம். ஸ்கேனும் சுத்தம், அறுவையும் இல்லை என்பவர்களை மௌனமாகக் கழித்துவிட்டால் உங்கள் எண்கள் எல்லாம் ஊதிப்போகும். அவர்களைத் தொடர்ந்து கவனித்து, தனி வரிசையில் காட்ட வேண்டும்.

மாதிரி எடுப்பது

இங்கேதான் என் வேலை. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ரத்தம் எடுக்கும் முன் கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியைக் கேளுங்கள். பல மார்க்கர்கள் மாதச் சுழற்சியோடு ஏறி இறங்கும். கடந்த மூன்று மாதத்தில் கருத்தடை மாத்திரை, டயனோஜெஸ்ட் ஹார்மோன் மாத்திரை, ஹார்மோன் ஊசி எதுவும் எடுத்தாரா என்று கேளுங்கள். மலாய் மூலிகை மருந்தான ஜாமு, சீன வைத்தியரான சின்சே கொடுத்த மூலிகை, நாட்டு மருந்து என்று தனித்தனியாகவும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "மருந்து எடுக்கிறீர்களா?" என்றால் இல்லை என்பார்கள். அவர்கள் கணக்கில் ஜாமு மருந்து இல்லை.

மைக்ரோஆர்என்ஏ அளக்கப்போகிறீர்கள் என்றால் இடிடிஏ குழாயில் எடுங்கள். ஹெப்பரின் குழாய் வேண்டாம், அது மரபுப்பொருளைப் பெருக்கி அளக்கும் பிசிஆரைத் தடுக்கும். எடுத்த நேரம், சுழற்றிப் பிரித்த நேரம், உறைபெட்டியில் வைத்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். நாங்கள் இரண்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிடுவோம். தீவிலிருந்து பெருநிலத்துக்கு மாதிரி கொண்டுபோக வேண்டுமென்றால் பாலத்தில் சாயங்கால நெரிசலையும் கணக்கில் சேருங்கள், இல்லாவிட்டால் அங்கேயே பிரித்து உறையவைத்து, உலர்பனியில் போட்டுக் கொண்டுபோங்கள்.

சுழற்றி எடுத்த குழாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். மேலே நிற்கும் பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்து உள்ளிருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. நரம்பு கிடைக்காமல் ஊசியைத் துழாவினாலும், குழாயைக் குலுக்கினாலும், மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலும் இப்படி ஆகும். கண்ணுக்குத் தெரியாத அளவு உடைந்தாலும் போதும், மைக்ரோஆர்என்ஏ கணக்கு கெட்டுவிடும். சிவப்பணுக்களில் மைஆர்-451 என்ற மைக்ரோஆர்என்ஏ ஏராளம். வேடிக்கை என்னவென்றால், இதே மைஆர்-451 எண்டோமெட்ரியோசிஸ் மார்க்கர் பட்டியல்களிலும் வந்திருக்கிறது. நோயைக் கண்டுபிடித்தீர்களா, இல்லை ஊசி சரியாகப் போடத் தெரியாத ஆளைக் கண்டுபிடித்தீர்களா? ஆகவே சிவப்பணு உடைந்ததா என்று அறிய, ஒவ்வொரு மாதிரியிலும் 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். பிசிஆரில் மைஆர்-23ஏ-க்கும் மைஆர்-451-க்கும் உள்ள பிசிஆர் சுழற்சி எண்ணிக்கை வித்தியாசத்தையும் பாருங்கள். அந்த வித்தியாசம் 7-ஐத் தாண்டினால் அந்தக் குழாயை ஒதுக்கிவிட வேண்டும். மனசு கேட்காது. ஒதுக்குங்கள்.

உறையவைக்கும்போது சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து வையுங்கள், ஒரே குழாயை உருக்கி உருக்கி உறையவைக்கக் கூடாது. அளக்கும் தட்டில் நோயாளிகளை ஒரு பக்கமும் மற்றவர்களை ஒரு பக்கமும் அடுக்காமல் குலுக்கிப் போடுங்கள்.

எச்சில் கேட்பது சுலபம், கெடுப்பது அதைவிடச் சுலபம். தே தாரேக் குடித்துவிட்டு நேராக வருவார்கள். வெற்றிலை போடும் பாட்டிமார் நம் ஆய்வில் வரப்போவதில்லை என்றாலும், ஈறில் ரத்தம் கசியும் இளம் பெண்கள் நிறைய. சாப்பிட்டு, பல் துலக்கி எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதுங்கள், வாயைத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லிக் காத்திருந்து எடுங்கள்.

மாதவிடாய் ரத்தம்தான் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் மாதிரி. நோய் எந்தத் திசுவிலிருந்து வருகிறதோ அதுவே, ஊசியும் இல்லாமல், மாதாமாதம் வெளியே வருகிறது. நியூயார்க்கின் ஃபைன்ஸ்டீன் ஆய்வு நிலையத்தில் ரோஸ் என்ற பெயரில் இதைத்தான் செய்கிறார்கள். பெண்கள் வீட்டிலேயே சேகரித்துக் குளிர்ப்பொதியோடு அனுப்புகிறார்கள். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களின் மாதவிடாய் ரத்தத்திலிருந்து வளர்த்த ஸ்ட்ரோமா என்ற ஆதாரத் திசுச் செல்கள், கர்ப்பத்துக்குத் தயாராகும் மாற்றத்தைச் சரியாகச் செய்வதில்லை என்றும், அப்போது சுரக்க வேண்டிய ஐஜிஎஃப்பிபி-1 புரதம் குறைகிறது என்றும் 2018இல் எழுதினார்கள்.

இதை நம் வீடுகளில் எப்படிக் கேட்பது? பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஒரு பெண்ணும் அவள் மாமியாரும் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் குப்பியையும் மாதவிடாய் கப்பையும் காட்டி விளக்கினேன். பெண் தலையாட்டினாள். மாமியார், "மிஸ்ஸி, அதைக் கொண்டுவர வரைக்கும் எங்கம்மா வைக்கிறது?" என்றார். நான் "ஃபிரிட்ஜில்..." என்று தொடங்கினேன். "ஃபிரிட்ஜிலயா? வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பால் அதுலதானே இருக்கு?" அதோடு பேச்சு முடிந்தது. பெண் என்னைப் பார்த்தாள், "மன்னிச்சிக்குங்க அக்கா" என்று மெல்லச் சொன்னாள்.

அந்த அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டு ஃபிரிட்ஜை நம்பி ஆய்வுத் திட்டம் போடுவதைத்தான் விட வேண்டும். உள்ளிருப்பது வெளியே தெரியாத சின்னக் குளிர்பெட்டி, உள்ளே பனிப்பொதி, பெயர் இல்லாமல் எண் மட்டும், வந்து வாங்கிக்கொள்ள ஆள். பணம் கொஞ்சம் கூடும், மாதிரி நிறையக் கூடும். கப் வைக்க விரும்பாதவர்களுக்கு, குறிப்பாகக் கல்யாணமாகாதவர்களுக்கு, பேடிலிருந்து எடுக்கும் முறையையும் ஒப்பிட்டுச் சோதியுங்கள். இரண்டிலும் ஒரே விடை வருகிறதா என்பதே தனியாக ஓர் ஆய்வுக்குத் தாங்கும். மாமியார் கூடவே வந்தால் அவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள், கதவுக்கு வெளியே அனுப்பினால் வீட்டில் போய்த் தடுப்பார்.

எத்தனை பேர், எந்தக் கணக்கு

சென்சிட்டிவிட்டி 90 இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், ஐந்து சதவீதம் கூடக் குறையத் தெரிந்தால் போதும் என்றால், நோய் உறுதியான பெண்கள் மட்டும் சுமார் 138 பேர் வேண்டும். லேப்ராஸ்கோப்பிக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு நோய் என்றால் மொத்தம் 276. மாதிரி கெடுவது, பாதியில் விலகுவது எல்லாம் சேர்த்தால் முந்நூறைத் தாண்டும். ஒரே மருத்துவமனையில் ஒரு முதுகலைப் படிப்புக் காலத்துக்குள் இது நடக்காது. ஆகவே மாணவர்களுக்குச் சொல்வது: சோதனையை முடிக்கப் பார்க்காதே, ஒரு படியை ஒழுங்காகச் செய். மாதிரி எடுக்கும் முறையை நிலைப்படுத்துவதே ஒரு பட்டத்துக்குப் போதும்.

பிரான்ஸின் ஸிவிக் நிறுவனம் செய்த எச்சில் சோதனையை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். 109 மைக்ரோஆர்என்ஏக்களைச் சேர்த்து இயந்திரக் கற்றல் வழியாக விடை சொல்வது. 2022இல் வந்த முதல் ஆய்வில் 200 பெண்கள். எல்லாரும் வலியோடு வந்தவர்கள், அது பாராட்ட வேண்டியது. 153 பேருக்கு நோய், 47 பேருக்கு இல்லை. அந்த 47தான் எனக்கு உறுத்தல். 47 பேரில் ஒருவருக்குக்கூடத் தவறு வரவில்லை என்று வைத்துக்கொண்டாலும், புள்ளியியலில் இதற்கொரு குறுக்குவழி உண்டு, மூன்றை 47ஆல் வகுத்துப் பாருங்கள். உண்மையில் ஆறு சதவீதம் வரை தவறு ஒளிந்திருக்கலாம். பிற்பாடு பல மருத்துவமனைகளில் வேறு பெண்களிடம் சோதித்து 2023இல் வெளியிட்டதிலும் சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி இரண்டும் 95-க்கு மேல் வந்தன. அப்படியும் பிரான்ஸின் சுகாதார உயர் ஆணையம் 2024 ஜனவரியில், நம்பிக்கை தருகிறது, ஆனால் இதனால் நோயாளிக்கு என்ன மாறுகிறது என்று காட்ட வேண்டும் என்று சொல்லி, மேலும் தரவு திரட்டும் நிபந்தனையோடு கூடிய நிதித் திட்டத்துக்கு அனுப்பியது. சரியான முடிவு.

நீங்கள் நூறு பேரை வைத்து ஆயிரம் மூலக்கூறு அளந்தால், கணினி ஏதாவது ஒரு கூட்டணியைக் கண்டுபிடித்தே தீரும். அதை நம்பாதீர்கள். எல்லையை ஒரு முறை நிர்ணயித்துப் பூட்டிவிடுங்கள், அப்புறம் வேறு மருத்துவமனையில், வேறு கைகள் எடுத்த மாதிரியில் ஓட்டுங்கள். பினாங்கில் உருவாக்கினால் கோலாலம்பூரில் சோதியுங்கள். எழுதும்போது, சோதனை ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்டார்ட் 2015 பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக நிரப்புங்கள்.

ரத்தமும் எச்சிலும் மட்டுமே வழி என்றும் நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இமேஜெண்டோ குழு ஸ்கேனையும் எம்ஆர்ஐயையும் இயந்திரக் கற்றலில் இணைக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் புதிய ரத்தக்குழாய் முளைக்கும் இடத்தில் போய் ஒட்டும் மராசிக்லடைட் என்ற பொருளை ஊசியில் செலுத்திப் படமெடுத்துப் பார்க்கிறார்கள். மேலோட்டமான வகையையும் அது காட்டுமா என்பதுதான் எதிர்பார்ப்பு. என்னைக் கேட்டால், நம் நாட்டில் இன்றைக்கே பலன் தரக்கூடியது, ஸ்கேன் செய்பவர்களுக்கு அந்த வழுக்கும் அசைவைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான். அதற்கு மூலக்கூறே வேண்டாம். ஆனால் அதில் யாருக்கும் காப்புரிமை கிடைக்காது.

காகிதமும் கிட்டும்

சுகாதார அமைச்சின் மருத்துவமனை என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழு வழியாகப் போக வேண்டும். யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) என்றால் அதன் நெறிமுறைக் குழுவான ஜெபெம். மாதங்கள் ஆகும், முதல் நாளே தொடங்குங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதத்தோடு அந்தப் பெண்ணின் சம்மதமும் வேண்டும். தமிழ்ச் சம்மதப் படிவத்தை மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் கொடுத்து வாங்கி அப்படியே ஒட்டாதீர்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்த ஒரு அக்காவிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள், அவர் முகம் எங்கே சுருங்குகிறதோ அந்த வரியை மாற்றுங்கள்.

கிட் வரைக்கும் போனால், 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின்கீழ் மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிய வேண்டும், உற்பத்திக்கு ஐஎஸ்ஓ 13485 தரச் சான்றிதழ் வேண்டும். இங்கே முடியாத காரியம் இல்லை. டைஃபாய்டுக்கான டைஃபிடாட் சோதனை யுஎஸ்எம்மில் அஸ்மா இஸ்மாயில் குழுவினர் உருவாக்கியதுதான், கிருமியின் வெளிச்சவ்வில் உள்ள ஒரு 50 கிலோடால்டன் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைப் பார்ப்பது. நம் வெயிலையும் ஈரத்தையும் மறக்க வேண்டாம். பாலிக் புலாவ் பக்கம் ஒரு கிளினிக்கில் ஏர்கான் நின்ற மத்தியானத்திலும் கிட் அதே விடையைத் தர வேண்டும், அதைச் சோதித்த தரவு உங்களிடம் இருக்க வேண்டும்.

கடைசியாக, மாதிரி கொடுத்த எல்லாரும் ஒன்றைக் கேட்பார்கள்: "என் ரிசல்ட் எப்ப வரும் மிஸ்ஸி?" நிரூபிக்கப்படாத சோதனையின் விடையைத் தனிநபருக்குச் சொல்லக் கூடாது. அதைச் சம்மதத் தாளிலேயே பெரிய எழுத்தில் போட்டு, வாயாலும் சொல்லிவிடுங்கள். அதற்குப் பதிலாக, ஆய்வு முடிந்ததும் என்ன தெரிந்தது என்று ஒரு பக்கக் கடிதம் அவரவர் மொழியில் எல்லாருக்கும் அனுப்புங்கள். அச்சுக்கும் தபால்தலைக்கும் ஆகும் ரிங்கிட்டைத் தொடக்கத்திலேயே செலவுத் திட்டத்தில் எழுதி வையுங்கள். கடைசியில் தேடினால் இருக்காது.